அவர் தோற்க ஐம்பத்தொரு தேங்காய்

என் கணவர் கோயில் தலைவர் தேர்தலில் தோற்க வேண்டும் என்று முனீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் ருசி கூடும் என்று தெரியும், ஆனால் அதற்குள் நீங்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். எல்லோரும் அவர் பக்கம்தான் சாய்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சுங்காய் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. நானும், என் தம்பியும், என் கணவரும் அங்கே பிறந்தவர்கள். பால்மரத்தை வெட்டி எண்ணெய்ச் செம்பனை வைத்தார்கள். செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். இப்போது தோட்டத்தில் மிச்சம் இருப்பவை இரண்டுதான்: முனீஸ்வரர் கோயிலும் அதன் நிர்வாகக் குழுவும். நாங்கள் எல்லோரும் ஈப்போவிலும் வேறு ஊர்களிலும் தாமான் குடியிருப்பு வீடுகளில் இருக்கிறோம். ஆடித் திருவிழாவுக்கும் தை மாதத்து ஆண்டுக் கூட்டத்துக்கும் கார் கட்டிக்கொண்டு போய் இறங்குவோம். திருவிழாவுக்கு வராதவர்கள்கூட ஆண்டுக் கூட்டத்துக்கு வந்துவிடுவார்கள். சாமியை வீட்டிலிருந்தே கும்பிடலாம், சண்டையை நேரில்தான் பார்க்க முடியும்.

என் கணவர் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஈப்போவில் எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும், எந்த நாய் குரைப்பதோடு சரி என்று அவருக்கு மனப்பாடம். கோயிலுக்கு அவர் செயலாளராக இருந்த காலமெல்லாம் எங்கள் வீட்டு வாசல் போர்ட்டிகோ கோயிலுக்குச் சொந்தம். அண்டா, தார்ப்பாய், கூடார இரும்புக் கால், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் அங்கேதான். எங்கள் கார் வெயிலில் நிற்கும், சாமியின் அண்டா நிழலில் இருக்கும். கோயிலுக்குப் போனால் அவர் உட்கார மாட்டார். பொறுப்பில் இருப்பவன் உட்கார்ந்தால் வேலை செய்பவனும் உட்கார்ந்துவிடுவான் என்பது அவருடைய சித்தாந்தம். கடைசிப் பந்தி முடிந்து, அண்டா கழுவி, கூடாரம் பிரிக்கும்வரை நிற்பார். நான் நடுநடுவே போய், “வீட்டுக்குப் போலாமா?” என்பேன். “அஞ்சு நிமிஷம்” என்பார். எங்கள் இல்லறத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். அவருடைய ஐந்து நிமிடத்தில் நான் இரண்டு பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டேன்.

இதெல்லாம் எனக்குப் பழக்கம். இதற்காக யாரும் சாமியிடம் போய்ப் புருஷனைத் தோற்கடிக்கச் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னதற்குக் காரணம் முந்தின ஆடித் திருவிழாவில் நடந்தது.

அவருக்குச் சர்க்கரை உண்டு. அன்று காலையில் விரதம் என்று ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னதைக் கேட்கிறாராம். உச்சி வெயிலில் அன்னதானக் கூடாரத்துக்கு வெளியே நின்றவருக்கு உடம்பு ஆடியிருக்கிறது, கண் சொருகியிருக்கிறது, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முனகியிருக்கிறார். வேறு இடமாக இருந்தால் யாராவது நாற்காலி கொண்டுவந்திருப்பார்கள். எங்கள் கோயிலில், “சாமி வந்துருச்சு” என்று ஒரு குரல் வந்தது. உடனே உறுமிக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர், கையில் வேப்பிலை, வாயில் எலுமிச்சம்பழம். அவர் தள்ளாடத் தள்ளாட உறுமியின் வேகம் கூடியது.

நான் கூடாரத்தின் பின்பக்கம் மற்ற பெண்களோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். உறுமிச் சத்தம் கேட்டது. யாருக்கோ அருள் வந்திருக்கிறது என்று நினைத்து, இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறுபடியும் வெங்காயம் நறுக்கினேன். பத்து நிமிடம் நறுக்கினேன்.

அங்கே கூட்டம் அவரிடம் லாட்டரிக்கு நம்பர் கேட்டுக்கொண்டிருந்தது. நம் நாட்டில் சாமி வந்தால் நோய் தீருமா, கல்யாணம் கூடுமா என்று கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நாலு நம்பர் கேட்காமல் சாமியை மலையேற விட மாட்டார்கள். அவரும் சொல்லியிருக்கிறார். “ஏழு… நாலு… ஒண்ணு… ரெண்டு… கேட் பூட்டியிருக்கு… நாய் இருக்கு…” என்று. முப்பது வருடம் மீட்டர் பார்த்த மனிதர் மயக்கத்தில் வேறு என்ன சொல்வார்? தூக்கத்திலும் அதைத்தான் சொல்வார். ஆனால் கூட்டத்தில் ஒருவர், “நாய்னு சொல்லுது. முனியோட காவல் நாய்லா அது” என்று விளக்கம் கொடுக்க, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நாய் என்ற வார்த்தை கேட்டுத்தான் எனக்குத் திக்கென்றது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பார்த்தால், முகம் வெளுத்து, வியர்வையில் குளித்து, என் புருஷன் செத்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் மேளம் அடிக்கிறார்கள். பக்கத்து மேசையில் இருந்த, சர்க்கரை கரைத்த சிவப்புச் சிராப் ஜாடியை எடுத்து அவர் வாயில் ஊற்றினேன். பூசாரி என் கையைப் பிடித்தார். “அக்கா, முனிக்குச் சுருட்டுதான். சிராப் எடுத்துக்காது.” அவரை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. சாமி முன்னால் சொன்னது அது, சாமியோடு போகட்டும்.

அரை ஜாடி சிராப் உள்ளே போனதும் அவர் கண் திறந்தார். “ரசம் பத்துமா?” என்று கேட்டார்.

நான் வேலை செய்யும் கிளினிக்கின் டாக்டர் மறுநாள் அவரை உட்கார வைத்துச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம், வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்கக் கூடாது, கோயில் வேலையைக் குறைக்க வேண்டும் என்று. அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அந்த வாரக் கடைசியில் அந்த நாலு நம்பருக்குச் சின்னப் பரிசு ஒன்று விழுந்துவிட்டது. அதோடு டாக்டரின் பேச்சு காற்றில் போனது. தோட்டத்து ஆட்கள் வீடு தேடி வந்து அவர் காலைத் தொட ஆரம்பித்தார்கள். “அது சர்க்கரை இறங்கினது” என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொண்டாட்டிக்குச் சில விசயம் தெரியாதும்மா” என்றார். அவரிடமும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “சர்க்கரையையும் சாமிதானே குடுத்தாரு” என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் பழைய தலைவர் பாரிட் புந்தாரில் மகள் வீட்டோடு போய்விட்டார். தலைவர் பதவி காலி. முனியே இறங்கி நம்பர் சொன்ன மனிதர் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. எதிர்ப் பக்கம் நிறுத்தப்பட்டவர் என் சொந்தத் தம்பி.

இதில் அரசியல் எங்கே வந்தது என்று கேட்டால், எங்கே வரவில்லை என்றுதான் கேட்க வேண்டும். கோயில் நிலம் இன்னும் வீடு கட்டிய கம்பெனியின் பெயரில் இருக்கிறது. வேலி ஒவ்வொரு வருடமும் ஒரு முழம் கோயிலை நோக்கி நகர்கிறது. அதைத் தடுக்க ஒய்பிக்களை, அதாவது தொகுதி உறுப்பினர்களை, பார்க்க வேண்டும். ஒரு கட்சியின் ஒய்பி வந்து மாலை போட்டுக்கொண்டு கடிதம் கொடுத்தார். ஆட்சி மாறியது. அடுத்த கட்சியின் ஒய்பி வந்து மாலை போட்டுக்கொண்டு கடிதம் கொடுத்தார். இரண்டையும் கண்ணாடி போட்டு முனீஸ்வரரின் இரு பக்கமும் மாட்டியிருக்கிறோம். இரண்டிலும் ஒரே வாசகம்தான்: பரிசீலனையில் உள்ளது. அதைப் படித்துப் படித்துத்தான் சாமியின் கண் அவ்வளவு பெரிதாகிவிட்டது என்று நான் நினைப்பதுண்டு. என் கணவர் ஒரு கட்சியில் கிளைப் பொறுப்பாளர், தம்பி மற்றக் கட்சியில். வருடப் பிறப்புக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு காலண்டர் கொண்டுவந்து என் அடுப்படியில் மாட்டிவிட்டுப் போவார்கள். தலைவர்கள் இரண்டு பேரும் நான் குழம்பு வைப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். நான் தேதி பார்ப்பது சீனர் மளிகைக் கடைக் காலண்டரில். அதில்தான் எழுத்து பெரிது.

தேர்தல் வேலை மாமாக் கடையில், பாய் ஒருவரின் டீக்கடையில், நடந்தது. என் கணவரின் ஆட்கள் ஒரு மேசையில், தம்பி ஆட்கள் அடுத்த மேசையில். இரண்டு பக்கத்துக்கும் தே தாரேக் ஆற்றிக்கொடுத்த கடைக்கார பாய்க்கு இரண்டு பக்கத்து ரகசியமும் தெரியும். ஒரு நாள் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போன என்னிடம், “அக்கா, உங்க வீட்டுக்காரருதான் ஜெயிப்பாரு. எழுதி வச்சுக்குங்க” என்றார் சந்தோஷமாக. தலைவர் என்றால் திருவிழாவின் பத்து நாளும் விரதம். பத்து நாளும் வெயில். சுற்றிலும் அவர் எப்போது தள்ளாடுவார் என்று நம்பருக்குக் காத்திருக்கும் கூட்டம். இன்னொரு முறை விழுந்தால் ஒருவரும் தூக்க மாட்டார்கள், காகிதமும் பேனாவும் எடுப்பார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, சாமி மேடைக்கு முன்னால் நின்றேன். நான் பெரிய பக்தை இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவேன், கார் கிளம்பும்போது ஒரு கும்பிடு, அவ்வளவுதான். ஆனால் முனீஸ்வரரோடு எனக்குப் பேச்சு உண்டு. அவர் எங்கள் தோட்டத்து ஆள். “முனி, இந்த ஆளு தோக்கணும்” என்றேன். “தோத்தா ஐம்பத்தொரு தேங்காய் உடைக்கிறேன்.” நூற்றெட்டு என்றுதான் வாயில் வந்தது. எங்கள் காரின் பின்பக்கம் அவ்வளவு கொள்ளாது.

கூட்டத்தன்று தம்பி பக்கத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம், எங்கள் பக்கத்தில் நான் சுட்ட வடை. வடையில் உப்பைக் கூட்டிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, செய்யவில்லை. எங்கள் கோயிலில் ஓட்டுப்பெட்டி கிடையாது, கை தூக்க வேண்டும். யார் கை எங்கே இருக்கிறது என்று மாமியார், சம்பந்தி, கொழுந்தியாள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். என் கணவர் பெயரைச் சொன்னதும் என் கை முழுசாக மேலே போனது. வேண்டுதல் எனக்கும் முனிக்கும் உள்ளது, கை ஊருக்குக் காட்டுவது. தம்பி பெயரைச் சொன்னபோது அவனே எழுந்து இரண்டு கையையும் தூக்கினான். என் கணவர் தன் முறை வந்தபோது கை தூக்கவே இல்லை. தனக்குத்தானே கை தூக்குவது மரியாதை இல்லையாம். அவரைப் பார்த்து அவருடைய பங்காளிகள் இரண்டு பேரும் அதேபோல் பெருந்தன்மையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று ஓட்டில் தோற்றார்.

தம்பிக்கு மாலை போட்டுக் கை குலுக்கிவிட்டுத்தான் காருக்கு வந்தார். வழியில் தாப்பாவில், “மூணு பேரு” என்றார். கம்பாரில், “மூணு பேருதான்லா” என்றார். கோப்பேங் வந்ததும் திரும்பி, “நீ தூக்கின கைய பார்த்தேன்” என்றார். எனக்கு நெஞ்சில் யாரோ அம்மியை வைத்தது போல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி லோரி கொண்டுவந்து அண்டா, தார்ப்பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனான். முதல் முறையாக எங்கள் கார் நிழலுக்குள் வந்தது. நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அவர் வீட்டில் இருந்தார். நேரத்துக்குச் சாப்பிட்டார். காலையில் எழுந்து வாசலுக்குப் போய், அண்டா இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு வந்து தொலைக்காட்சி முன்னால் உட்காருவார். நான் கிளினிக்கிலிருந்து திரும்பும்போதும் அங்கேயே இருப்பார். ஒரு நாள் எங்கள் வீட்டு மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “தண்ணி ஜாஸ்தி பிடிக்கிற” என்றார். எனக்கு அழுகையாக வந்தது. இந்த மனிதரை உயிரோடு வைத்திருக்க ஆசைப்பட்டு இவருடைய உயிரைப் பிடுங்கிவிட்டேனோ என்று இருந்தது. தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். இப்படியே போனால் இரண்டு பேரில் ஒருவருக்கு அங்கே இடம் கேட்க வேண்டிவரும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் தேங்காய் பாக்கி இருந்தது. துணி துவைக்கும் இயந்திரம் நின்றது. என் முழங்கால் பிடித்துக்கொண்டது. மூன்றாவதாக, வீட்டில் உட்கார்ந்து முறுக்கு தின்றதில் அவருடைய சர்க்கரை ஏறியது. ஒன்றென்றால் தற்செயல் எனலாம். மூன்று வந்த பிறகும் சும்மா இருந்தால் அது திமிர். முனி கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கொண்டுபோய், கோயில் வழக்கப்படி ஒரு ஆண் கையால் உடைத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். எங்கள் கோயிலில் ஒரு விதி இருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஒருவர் பக்கத்து வீட்டு மாமரம் பட்டுப்போக வேண்டும் என்று ரகசியமாக வேண்டிக்கொண்டு தேங்காய் உடைத்தார். மரம் பட்டுப்போனது. விஷயம் வெளியே வந்து, இரண்டு குடும்பமும் கோயில் வாசலில் கைகலந்தது. அதன் பிறகு ஒரு தீர்மானம் போட்டார்கள்: வேண்டுதல் தேங்காய் கொண்டுவருபவர் அது என்ன வேண்டுதல் என்று சந்நிதியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதைக் கோயில் சார்பில் ஒருவர் மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் தேங்காய். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அப்போதைய செயலாளர், என் கணவர். ஏகமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை, கிளினிக்குக்கு விடுப்பு போட்டுவிட்டு, தனியாகப் போய்ப் பூசாரியிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் சிராப் விஷயத்தை மறக்கவில்லை. “மைக் இல்லாம முடியாதுக்கா. தீர்மானம்லா அது. உங்க வீட்டுக்காரரு கையெழுத்து போட்டது” என்றார். எந்த வேண்டுதல் என்று அவரும் கேட்டார். முழங்கால் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சந்நிதி கதவு திறந்திருந்தது. முனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

சரி, மைக்கைத் தம்பியின் ஆள் யாராவது பிடிப்பான், ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கும் விளங்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன் தம்பி வீட்டுக்கு வந்தான். தலைவரானதும் மீசை வைத்திருந்தான்.

“மச்சான், மைக் நீங்கதான் பிடிக்கணும். நம்ம பையனுங்க பேசினா ஏலம் போடுற மாதிரி இருக்கு.”

நான் தேநீர் கலக்கி முடிப்பதற்குள் என் கணவர் சட்டை மாற்றிக்கொண்டு அவனோடு காரில் ஏறிவிட்டார். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, தலையில் இடி விழுந்தது போலவும் இருந்தது.

திருவிழாவில் வேண்டுதல் நாள் காலையில் அவர் வாயில் வலுக்கட்டாயமாக நாலு இட்லி திணித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன். தேங்காய் காரின் பின்பக்கம் சாக்கில் இருந்தது. “யாருக்கு இத்தனை?” என்று கேட்டார். “வேண்டுதல்” என்றேன். “முழங்காலா?” என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு வேண்டுதல் வரிசை. எனக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு மகன் பரீட்சையில் தேறியது, ஒரு பெரியவருக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, என் கணவர் நடு வெயிலில் நின்றுகொண்டு கணீரென்று மைக்கில் சொன்னார். என் முறை வந்தது. சுற்றிலும் நூறு பேர். பக்கத்தில் பட்டு வேட்டியில் தம்பி. என் கணவர் குனிந்து காதைக் கொடுத்தார், மைக் அவர் வாயருகே இருந்தது.

“சொல்லுங்கம்மா” என்றார் கோயில் குரலில், என்னை முன்பின் தெரியாதவர் போல.

சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

பழக்க தோஷம் பொல்லாதது. அவர் காது கேட்டதை வாய் சொல்லிக்கொண்டே போனது. “இந்த அம்மா… தன்னுடைய கணவர்… கோயில் தலைவர் தேர்தலில்… தோற்க வேண்டும் என்று…” புது வீட்டு வரிசை வரைக்கும் போய் எதிரொலித்துவிட்டு வந்தது. எதிரொலி கேட்டுத்தான் அவருக்கே விளங்கியது. வாய் திறந்தபடி நின்றார். உறுமி நின்றது. பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். தம்பி முகம் செத்துவிட்டது. அக்கா தனக்காக வேண்டிக்கொண்டாள் என்று ஊர் நினைக்கும் என்று அவனுக்குப் பயம். “எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான்” என்றான் மெல்ல. அதுவும் மைக்கில் கேட்டது.

எனக்கு அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. அவரைப் பார்த்துச் சொன்னேன். “அன்னைக்கு உங்களுக்குச் சாமி வரல. நீங்க சாகப் பார்த்தீங்க. எல்லாரும் நம்பர் எழுதிக்கிட்டு இருந்தாங்க. நான் உறுமிச் சத்தம் கேட்டும் பத்து நிமிஷம் வெங்காயம் வெட்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்துல நீங்க போயிருந்தா நான் என்ன செய்வேன்? தலைவரானா மறுபடியும் இங்கதான் நிப்பீங்க. அதான் கேட்டேன்.”

அவர் மைக்கை அணைத்தார். அந்த மைக்கை அவர் தானாக அணைத்து நான் பார்த்ததே இல்லை. சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எத்தனை காய்?”

“ஐம்பத்தொண்ணு.”

“அவ்ளோ பயந்தியா?” என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கூடாரத்துக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து, நிழல் விழும் இடமாகப் பார்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்தார். கோயில் எல்லைக்குள் அவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்க்கிறோம். பூசாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். உட்கார்ந்தபடியே மைக்கைத் திரும்பப் போட்டார்.

“எங்கள் கோயில் வழக்கப்படி பெண்கள் தேங்காய் உடைப்பதில்லை. வீட்டு ஆண் உடைக்க வேண்டும். என்னை டாக்டர் வெயிலில் நிற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆகவே, இந்த வேண்டுதலால் பலனடைந்த நமது புதிய தலைவர் அவர்கள், ஐம்பத்தொரு தேங்காயையும் உடைத்துத் தருவார்.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் உறுமிக்காரர்களுக்கே தாளம் தப்பியது. தம்பி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தான். இவர் நிழலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “ஒன்று… இரண்டு…” என்று எண்ணினார். இருபதில் தம்பிக்கு மூச்சு வாங்கியது. முப்பதில் மீசையில் தேங்காய்த் தண்ணீர் சொட்டியது. “தலைவருக்கு ஒரு சிராப் குடுங்கப்பா” என்றார் மைக்கில். நாற்பது தாண்டியதும் சிரிப்பு அடங்கி, எல்லோருமே அவரோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

ஐம்பத்தொன்றாவது காய் உடைந்தது. பந்தி இன்னும் ஆரம்பிக்கவில்லை, அண்டாவில் சோறு அப்படியே இருந்தது. என் கணவர் நாற்காலியிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

“வீட்டுக்குப் போலாமா?” என்றார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அஞ்சு நிமிஷம்” என்றேன்.